டிபன் கடைக்கு 'லைசென்ஸ் ரத்து' நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

என் சித்தப்பா ஒரு சின்ன டிபன் கடை வைத்திருந்தார். உணவு பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டவர் மறந்தே போனார். கடை பூட்டிக் கிடந்த நாட்களில், அங்கே மாவாட்டிய அக்காவுக்கும் கூலி கிடையாது. இன்னொரு கடைக்கு அந்த நிலை வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது எந்த நோட்டீஸ்?

உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 32-ன்படி முதலில் வருவது மேம்பாட்டு அறிவிப்பு. குறைகளைச் சரிசெய்யக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். சரிசெய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். அதற்குப் பிறகும் குறை நீடித்தால்தான் ரத்து. அதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டே ஆக வேண்டும். பொதுமக்கள் உடல்நலம் கருதி உடனடியாக நிறுத்திவைக்கவும் நியமன அலுவலருக்கு (உரிமம் வழங்கும் அதிகாரி) அதிகாரம் உண்டு. அப்போதும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்துவையுங்கள்.

அடுத்தது பதில். முழு கவனமும் இதில் இருக்கட்டும்.

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நோட்டீஸில் உள்ள குறைகளை வரிசை எண்ணோடு எழுதுங்கள். வலப்பக்கம் நீங்கள் செய்ததும் அதற்கான ஆதாரமும். 'சாக்கடைக்கு மூடி இல்லை' என்றால் மூடி வாங்கிய பில், போட்ட பிறகு எடுத்த போட்டோ. 'பணியாளர்களுக்கு மருத்துவச் சான்று இல்லை' என்றால் டாக்டர் கையெழுத்திட்ட சான்றுகள். 'தண்ணீர் பரிசோதனை செய்யவில்லை' என்றால் லேப் ரிப்போர்ட். இன்னும் முடியாத வேலை இருந்தால் எந்தத் தேதிக்குள் முடியும் என்று சொல்லுங்கள். பொய்யான குற்றச்சாட்டு என்றால் தெளிவாக மறுத்துவிடுங்கள். 'எல்லாம் சரிசெய்துவிட்டோம், கருணை காட்டவும்' என்ற ஒற்றை வரிக் கடிதம் கோப்பில் உங்களுக்குத் துணை நிற்காது.

கடைசி வரியில், நேரில் விளக்கம் அளிக்க வாய்ப்பு தரவும் கடையை மறு ஆய்வு செய்யவும் கேளுங்கள். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிவிடுங்கள்.

விசாரணை நாளில் அதே தாளை வைத்துக்கொண்டு வரிசையாகப் பேசுங்கள். நோட்டீஸில் இல்லாத புதுக் குற்றச்சாட்டு எழுந்தால் அங்கேயே வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டாம். 'இதற்குப் பதில் தர அவகாசம் வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள்.

உத்தரவு வந்ததும் அதிலுள்ள காரணங்களைப் படியுங்கள். உத்தரவில் எழுதப்பட்ட காரணங்களை வைத்தே அது செல்லுமா என்று பார்க்க வேண்டும், பின்னால் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரத்தானால், குறைகளைச் சரிசெய்து 3 மாதத்துக்குப் பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம். உத்தரவே தவறு என்றால் 15 நாளுக்குள் உணவு பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அன்று முத்திரை வாங்கிய பிரதியை அதோடு மறக்காமல் இணையுங்கள்.