மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காகச் சொல்லும் பொய்

டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில், அறுவைக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது என் வேலை. டம்மி டக்குக்கு, அதாவது தொங்கும் வயிற்றுத் தோலைக் குறைக்கும் அறுவைக்கு வரும் பெண்கள், 10 வருஷத்துக்கு முன்னால் இதே அறுவைக்கு வந்தபோது நான் சொன்ன பொய்யையே சொல்கிறார்கள். நகையைக் கழற்றுங்கள், நகப்பூச்சை அழியுங்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

"புகையா? இல்லை, சிஸ்டர்"

போன மாதம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். புகை உண்டா என்றதும் வேகமாகத் தலையாட்டினாள். திறந்திருந்த கைப்பையில் வேப் (மின்சிகரெட்) கிடந்தது. மாமியாரை ஒரு கையெழுத்துக்காக வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். வேப் தினமும், சனிக்கிழமைகளில் ஹப்ளியும் (ஹூக்கா). ஹப்ளியைப் புகைக் கணக்கிலேயே பலர் சேர்ப்பதில்லை.

என் பக்கத்தில் அன்று அம்மா இருந்தார். நாளைக்கு ஐந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நான், இல்லை என்றே சொன்னேன். இந்த அறுவையில் வயிற்றுத் தோலைத் தசையிலிருந்து பிரித்து, கீழே இழுத்துத் தைப்பார்கள். தோலுக்கு வரும் ரத்தக்குழாய்கள் நிறைய அறுபடும். மிச்சமிருப்பதை நிக்கோட்டின் சுருக்கிவிடும். தையலின் நடுப்பகுதிக்குத்தான் ரத்தம் மிகக் குறைவாக வந்து சேரும். எனக்கு அங்கேதான் ஐந்தாம் நாள் ஊதா தட்டியது, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்தது. செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். புண் மூட மூன்று மாதம். காலையில் உப்புநீர் விட்டு நனைத்து, ஒட்டியிருந்த துணியை மெதுவாக உரித்தவர் அம்மாதான்.

சொல்லியிருந்தால் தேதியைத் தள்ளிப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பொதுவாக, அறுவைக்கு முன் 4 வாரம், பின் 4 வாரமாவது நிக்கோட்டின் கூடாது என்பார்கள். புகையை நிறுத்த விற்கும் பேட்ச்சிலும் சூயிங்கத்திலும் இருப்பது அதே நிக்கோட்டின்தான், டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறாதீர்கள். வீட்டார் முன்னால் சொல்ல முடியாவிட்டால், "சிஸ்டர், தனியாகப் பேசணும்" என்று சொல்லுங்கள். அவர்களை வெளியே அனுப்ப எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு அறுவை ஆறு வாரம் தள்ளிப் போயிருக்கிறது.

பலகையில் 'எஸ்தெட்டிக்'

டாக்டரின் பெயர்ப்பலகையில் 'எஸ்தெட்டிக்' (அழகு சார்ந்தது) என்ற சொல் இருந்தால் மட்டும் அவர் பிளாஸ்டிக் சர்ஜன் ஆகிவிட மாட்டார். தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் எச்பிசிஎஸ்ஏ கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் சிறப்பு மருத்துவர் என்று பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பால் டீ

அறுவைக்கு முன் வெறும் வயிறு என்றால் அதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

சென்னையில் செய்துகொண்டு உடனே விமானம்

செலவு குறைவு என்று போகிறவர்கள் டிக்கெட்டை நெருக்கிப் போடுகிறார்கள். அறுவை முடிந்த உடம்பில் ரத்தம் எளிதாக உறையும், அதன் மேல் மணிக்கணக்காக ஒரே இருக்கை. திரும்பும் தேதியை அறுவை செய்த டாக்டர் சொல்லட்டும், முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், நடு இரவானாலும் நேராகக் கேஷுவல்ட்டிக்குப் போங்கள்.