ஒன்றுபோல் தெரியும் மாஸ் (moss) இனங்களைப் பிரித்தறிவது எப்படி?

நிறத்தையும் உயரத்தையும் மட்டும் வைத்து மாஸ் என்னும் பூக்காத குட்டிச் செடிக்குப் பெயர் வைத்தால் பெரும்பாலும் தவறும். ஒரே இனம் வெயிலில் கட்டையாகப் பழுப்பேறிக் கிடக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநெடுவென்று பச்சையாக நிற்கும். இலை நுனி, இலை ஓரம், நடுநரம்பு, செல்களின் வடிவம், வித்துப்பை (வித்துகள் உருவாகும் பை) ஆகியவற்றைத்தான் நம்பலாம்.

10 மடங்கு கைலென்ஸ், 100, 400 மடங்கு காட்டும் நுண்ணோக்கி, கூர்முனை இடுக்கி இரண்டு, புதிய பிளேடு, ஸ்லைடு, கவர் ஸ்லிப் போதும். மாதிரியைக் காகித உறையில் வையுங்கள். பாலித்தீன் பையில் பூஞ்சை பிடித்துவிடும். வளர்ந்தது மண்ணிலா, பாறையிலா, மரப்பட்டையிலா என்பதை உறையின் மேல் அப்போதே எழுதிவிட வேண்டும்.

முதலில் உலர்ந்த நிலையில் பாருங்கள். பிரையம் கேப்பில்லேர் என்ற மாஸ் காயும்போது அதன் இலைகள் தண்டைச் சுற்றித் திருகிக்கொள்ளும். நனைத்துவிட்டால் அந்த அடையாளம் போய்விடும். அதன் உறவான பிரையம் அர்ஜென்டியத்துக்கு லென்ஸே தேவைப்படாது. இலையின் மேற்பகுதிச் செல்களில் பச்சையம் இல்லாததால் வெள்ளி பூசியதுபோல் இருக்கும்.

அடுத்து சில நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். இலை விரிய அடம்பிடித்தால் வெந்நீர் ஊற்றலாம். ஒரே கொத்தில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பது வெகு சகஜம். அதனால் தனித் தண்டு ஒன்றை உருவி, இலையையும் வித்துப்பையையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு செடியின் இலையையும் பக்கத்துச் செடியின் வித்துப்பையையும் சேர்த்துப் பார்த்தால் எந்த நூலிலும் இல்லாத இனம் கிடைக்கும்!

தண்டின் நடுப்பகுதி இலையே முதிர்ந்தது. தண்டு நுனியை ஒரு இடுக்கியால் பிடித்து, மற்றதால் இலையை அடிநோக்கி இழுங்கள். அப்போதுதான் இலையடியின் இரு மூலைகளிலும் உள்ள அடிமூலைச் செல்களும் கூடவே வரும். டைக்ரேனம், ஹிப்னம் போன்ற பேரினங்களில் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) அந்தச் செல்கள் முக்கியம். தாறுமாறாகப் பிய்த்தால் அவை தண்டிலேயே தங்கிவிடும்.

பாலிட்ரைக்கம் பேரினம் நல்ல பயிற்சிக் களம். முதல் கேள்வி இலை ஓரத்தைப் பற்றியது. ஓரம் பல்லில்லாமல் உள்நோக்கி மடிந்து, இலைமேல் வரிசையாக நிற்கும் மென்தகடுகளை மூடியிருந்தால், அடுத்து நுனியைப் பாருங்கள். செம்பழுப்பான குட்டை முள் என்றால் ஜூனிபெரினம்; நிறமற்ற வெள்ளை முடி என்றால் பிலிஃபெரம். ஓரம் தட்டையாக, பற்களோடு இருந்தால் கம்யூனே, ஃபார்மோசம் ஆகிய இரண்டும் போட்டிக்கு வரும். இங்கே கைலென்ஸ் உதவாது, குறுக்குவெட்டுதான் தீர்ப்பு சொல்லும். மென்தகட்டின் உச்சிச் செல் நடுவில் பள்ளம் விழுந்து இரட்டை முனைபோல் இருந்தால் கம்யூனே. பள்ளமின்றி வழவழப்பாக உருண்டிருந்தால் ஃபார்மோசம்.

வெட்டுவதற்கு, நனைந்த இலைகள் சிலவற்றை ஸ்லைடில் ஒன்றாகக் கிடத்தி, விரல் நகத்தால் அழுத்திக்கொண்டு, நகத்தை இம்மி இம்மியாகப் பின்னகர்த்தியபடி பிளேடை நேர்செங்குத்தாக இறக்குங்கள். முப்பது நாற்பது சீவல்களில் இரண்டு மூன்றுதான் தேறும், அது போதும். தடித்த சீவல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சாய்ந்த மென்தகட்டில் பள்ளம் தெரியாமல் கம்யூனேயை ஃபார்மோசம் என்று எழுதிவிடுவார்கள். இலையின் நடுப்பகுதியிலுள்ள மென்தகடுகளையே பாருங்கள். ஓரத்தில் உள்ளவை சரியாக வளர்ந்திருக்காது.

நியம் குடும்பத்தில் வேலை சுலபம். ஓரப் பற்கள் இரட்டை இரட்டையாக இருந்தால் நியம் ஹார்னம், ஒற்றையாக இருந்தால் பிளேஜியோநியம், பல்லே இல்லாமல் தடித்த விளிம்பு மட்டும் இருந்தால் ரைசோநியம் பங்க்டேட்டம்.

வெள்ளை முடிநுனி கொண்ட டார்ட்டுலா மியூராலிஸையும் சின்ட்ரிக்கியா ரூராலிஸையும் அந்த முடியே பிரித்துவிடும்: முன்னதில் வழவழப்பு, பின்னதில் ரம்பப்பல்.

ஃபூனேரியா ஹைக்ரோமெட்ரிக்காவையும் ஃபிஸ்கோமிட்ரியம் பைரிஃபார்மேயையும் பிரிக்க வித்துப்பை வேண்டும். ஃபூனேரியாவின் பை ஒருபுறம் வளைந்து சமச்சீரற்றது. காய்ந்தால் நீளவாக்கில் வரிப்பள்ளம் விழும். மூடி கழன்றதும் வாயில் பற்கள் தெரியும். ஃபிஸ்கோமிட்ரியத்தின் பை நேராக, சமச்சீராக நிற்கும், வாய்ப்பற்கள் கிடையாது. மிகப் பழைய பையில் பற்கள் உதிர்ந்திருக்கக்கூடும் என்பதால், பல் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் பையின் வளைவையும் சேர்த்துப் பாருங்கள்.

செல் அளவு தேவைப்படும் இனங்களில், இலையின் மேல்பாதியில் நரம்புக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் குறைந்தது 10 செல்களை அளந்து சராசரி எடுங்கள். நரம்பை ஒட்டியவையும் ஓரத்தில் உள்ளவையும் வேறு அளவில் இருக்கும்.

வித்துப்பை இல்லாத இளம் மாதிரி பேரினத்தைத் தாண்டி இனம் வரை இறங்க மறுத்தால், உறையில் பேரினப் பெயரை மட்டும் எழுதி, பை முதிரும் பருவத்தில் அதே இடத்தில் மறுபடி எடுங்கள்.