ஹெபடைட்டிஸ் சி மாத்திரை: அந்த 12 வாரத்தை வீட்டில் எப்படி ஓட்டுவது

என் வீட்டுக்காரருக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய் இருப்பது தெரிந்தபோதே கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீரும் கோத்திருந்தது. 1991-ல் லாரி மோதி அடிபட்டபோது ரத்தம் ஏற்றினார்கள், அநேகமாக அதில்தான் வந்திருக்கும் என்றார் டாக்டர். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான், அப்போதெல்லாம் இதற்காக ரத்தத்தைச் சோதித்து ஏற்றும் வழக்கம் எல்லா இடத்திலும் வந்திருக்கவில்லை. சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, கூடவே ரிபாவிரின் என்ற இன்னொரு வைரஸ் மருந்து, மொத்தம் 12 வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்லீரல் அவ்வளவு கெடாதவர்களுக்குப் பெரும்பாலும் ரிபாவிரின் தேவைப்படாது, அவர்களுக்கு இந்த மூன்று மாதம் லேசாகவே போய்விடும். கஷ்டப்படுவது எங்களைப் போன்ற வீடுகள்தான், குடியாத்தத்திலிருந்து இதை எழுதுவதும் அவர்களுக்காகத்தான்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜைமேல் கொட்டிவிடுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அட்டையைக் காட்டினால் போதும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அந்த மாத்திரை வெல்படாஸ்விர் உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். வலிப்பு மருந்துகள் சிலதும், டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் இதோடு சேரவே கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை எடுத்தார்களா என்றும் கேளுங்கள், சி இறங்கும்போது பி தலைதூக்குவது உண்டு.

எங்கள் வீட்டில் தகராறு வந்தது கீழாநெல்லியில். "அந்தக் காலத்துல காமாலைக்கு இதத்தானே அரைச்சுக் குடுத்தோம், நல்லா ஆகலையா?" என்று மாமியார் தினமும் மோரில் கலக்கிக்கொண்டு வந்து நின்றார். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. "அத்தை, இந்த மூணு மாசம் மட்டும் வேணாம், எது வேலை செய்யுது எது கெடுக்குதுன்னு டாக்டருக்குத் தெரியாமப் போயிடும்" என்றேன், புரிந்துகொண்டார். எந்தக் கைமருந்தாக இருந்தாலும் இதே கதைதான், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அப்புறம், மாத்திரை ஒரு நாள் கூட விட்டுப்போகக் கூடாது. நாங்கள் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பிடித்துக்கொண்டோம். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட கையோடு மாத்திரை, மாத்திரை உள்ளே போன பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும், கிழிப்பது எங்கள் சின்னவளின் வேலை. காலையில் தாள் பழைய தேதியோடு தொங்கினால் உடனே தெரிந்துவிடும். மறந்தது அன்றைக்கோ மறுநாள் காலையிலோ நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாம், ஒரே வேளையில் சேர்த்து இரண்டு போடக் கூடாது. வாந்தியில் வந்துவிட்டால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் மாத்திரை கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். மூன்றாவது வாரம் மாடிக்குத் துணி எடுக்கப் போனவர் ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார், உதடு வெளுத்திருந்தது, பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. 12 இருந்த ஹீமோகுளோபின் 9-க்கு வந்திருந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார், அடுத்த இரண்டு வாரத்தில் படி ஏறினார். அதனால் ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் செய்யாதீர்கள், சத்துக் குறைவு என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கியும் கொடுக்காதீர்கள். அரிப்பும் வரும், நம் வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் அது இரண்டு பங்கு. மத்தியானம் வெளியே அனுப்பாமல், குளித்ததும் ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பருத்தி வேட்டியைக் கட்டச் சொன்னேன். தூக்கம் கெட்டு, ஒன்றுமில்லாததற்கு டம்ளரை வீசினார். அது மருந்தின் வேலை என்று தெரிந்தபோதுதான் எனக்கு அழுகை நின்றது. மனசு ரொம்பச் சோர்ந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மறைக்கிற விஷயமில்லை.

இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்கிறேன்: ரிபாவிரின் சாப்பிடுவது கணவனானாலும் மனைவியானாலும், சாப்பிடும் காலத்திலும், முடித்த பிறகு கணவன் சாப்பிட்டிருந்தால் ஆறு மாதம், மனைவி சாப்பிட்டிருந்தால் ஒன்பது மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. குழந்தைக்கு ஊனம் வரலாம்.

சாப்பாட்டில் வயிற்று நீர் உள்ளவர்களுக்கு எதிரி உப்புதான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன், அவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் ஏக்கம் வரும் என்று எல்லோருக்கும் ஒரே குழம்பு வைத்தேன். முள்ளு கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கிப் புளியும் பூண்டும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் உப்புக் குறைந்தது தெரியாது. ஆனால் கல்லீரல் நோய் என்று பத்தியக் கஞ்சியிலேயே போட்டுவிடாதீர்கள், உடம்பு உருகிப்போகும். கேழ்வரகுக் களி, பருப்பு, முட்டை, மோர் எல்லாம் வேண்டும், படுக்கும் முன் கொஞ்சம் ஏதாவது சாப்பிடுவதும் நல்லது. சாராயம், பீர் ஒரு சொட்டும் கூடாது. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் வேண்டாம், பாராசிட்டமால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, பகலெல்லாம் தூங்கி ராத்திரி உளறினாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நேரமே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

ஒரு நர்ஸிங் ஹோமில் இவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கட்டிலை வராண்டாவுக்குத் தள்ளினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள் வீட்டில் தட்டைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை. இது ரத்தத்தில் பரவுவது, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ குழந்தையைக் கொஞ்சினாலோ பரவாது. ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்க வேண்டும், சலூனில் புது பிளேடு போடச் சொல்ல வேண்டும்.

பணம் இல்லை என்று யாரும் இதை விட்டுவிட வேண்டாம். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மாத்திரைகளை அரசு இலவசமாகத் தருகிறது, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

கடைசி மாத்திரை போட்டு 12 வாரம் கழித்து வைரஸ் அளவுப் பரிசோதனை எடுக்க வேண்டும், அதில் வைரஸ் இல்லை என்று வந்தால்தான் குணம். எங்களுக்கு வந்தது. ஆனால் வைரஸ் எப்போதாவது உடம்பில் நுழைந்ததா என்று மட்டும் காட்டும் ஆன்டிபாடி பரிசோதனை வாழ்நாள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும், வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகும் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பதறாமல் வைரஸ் அளவு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் சுருங்கியவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும், கட்டி எதுவும் வருகிறதா என்று பார்க்க. இவருக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம், காலண்டரில் அந்தத் தாளை இப்போதே மடித்து வைத்திருக்கிறாள் சின்னவள்.