ஐந்து வாட் ரேடியோவும் இன்வெர்ட்டர் பேட்டரியும்: புதிதாகக் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, இருபது மீட்டர் வயர், கையால் கட்டிய சின்ன டிரான்ஸீவர் (அனுப்பவும் கேட்கவும் ஆகும் ரேடியோ) இந்த மூன்றும் இருந்தால் மதுரைக்கும் சென்னைக்கும் பேசலாம். மோர்ஸில் 5 வாட், குரலில் 10 வாட் உச்சம், அதற்குள் நின்றுகொண்டு பேசுவதைத்தான் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) வட்டாரத்தில் கியூ.ஆர்.பி. என்கிறோம். மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை என்று எந்த ஊர் இளைஞர் கட்டினாலும், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் திரும்ப வருகின்றன. சால்டர் சரியாக ஒட்டாதது, கெப்பாசிட்டரைத் தலைகீழாக வைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை கண்ணுக்கே தெரியும், ஒரு தடவையோடு பாடம் வந்துவிடும்.

லைசென்ஸுக்கு முன் டிரான்ஸ்மிட்டர்

வேண்டாம். தேர்வு எழுதி ஹாம் லைசென்ஸ் கைக்கு வரும்வரை ரிசீவர் பகுதியை மட்டும் கட்டுங்கள்.

முதல் மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து கொடுப்பது

பொறுமையோடு பல வாரம் கட்டிய போர்டு ஐந்தே நொடியில் கருகுவது இங்கேதான். இன்றும் எரிச்சல் தருகிற தவறு இது ஒன்றுதான், ஏனென்றால் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்று இருந்திருந்தால் தடுத்திருக்கும்.

நடப்பது இப்படி. கடைசி சால்டர் இரவு பத்து மணிக்கு முடிகிறது. காலைவரை பொறுக்க மனம் வராது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கிறது. இரண்டு கிளிப்பை மாட்டி சுவிட்சைப் போடுகிறார்கள். உள்ளே ஒரு சின்ன ஷார்ட் இருந்தாலும் போதும், அந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். பி.சி.பி.யின் செப்புத் தடமே ஃபியூஸ் ஆகிவிடும். ஷார்ட் இல்லாவிட்டாலும் இறுதிக்கட்டத்தில் இருக்கும் ஐ.ஆர்.எஃப். 510 மாஸ்ஃபெட் (சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் டிரான்ஸிஸ்டர்) போய்விடும். புதிது வாங்கிப் போட்டு, காரணத்தைத் தேடாமல் மறுபடி அதே சுவிட்சைப் போடுவார்கள். இப்படி மூன்று, நான்கு மாஸ்ஃபெட்டைப் பறிகொடுத்த பிறகுதான் ஆலோசனை கேட்க வருகிறார்கள்.

மாஸ்ஃபெட் ஏன் சாகிறது? அதன் கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலுக்கு 2 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட்டுக்குள் ஏதோ ஒரு இடத்தில்தான் கரன்ட் ஓடத் தொடங்கும். அந்த இடம் பீஸுக்குப் பீஸ் மாறும். பயஸ் பிரீசெட்டுக்கு (கேட் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகி) 5 வோல்ட் வருகிறது. பிரீசெட் நடுவிலோ உச்சத்திலோ நின்றால் 3 ஆம்பியர்கூட ஓடலாம். 12 வோல்ட்டில் அது 36 வாட் சூடு. விரல் அகல அலுமினியத் துண்டால் அதைத் தாங்க முடியாது. பழைய மாஸ்ஃபெட்டுக்குச் சரியாக வைத்த பிரீசெட் புதியதற்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

செய்ய வேண்டிய வரிசை இது. ஒன்றையும் தாண்டாதீர்கள்.

மாஸ்ஃபெட்டைச் சால்டர் செய்யும் முன்பே அதன் கேட் வரவேண்டிய இடத்தில் மல்டிமீட்டரை வைத்து, பிரீசெட்டை எந்தப் பக்கம் திருப்பினால் பூஜ்யம் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை மார்க்கரால் குறித்து, அங்கேயே விட்டுவிடுங்கள். பிரீசெட்டின் நடுக்காலிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். நடுக்காலின் தொடர்பு விட்டுப்போனாலும் கேட் அந்தரத்தில் தொங்காது.

அடுத்து ஹீட் சிங்க். ஐ.ஆர்.எஃப். 510-இன் உலோக முதுகு அதன் டிரெய்ன் காலோடு இணைந்தது. அதாவது 12 வோல்ட் அங்கேயே நிற்கிறது. மைக்கா தகடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் எர்த் ஆன பெட்டியில் முடுக்கினால் நேரடி ஷார்ட். முடுக்கியபின் முதுகுக்கும் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கக் கூடாது.

பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ். அதற்குப் பிறகு, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 1என்5401 டையோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி. கிளிப் மாறிவிட்டால் டையோடு கரன்டை இழுத்து ஃபியூஸை எரிக்கும், ரேடியோ தப்பிக்கும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஃபியூஸ் வயரையும் தடத்தையும்தான் காக்கும். மாஸ்ஃபெட் ஃபியூஸை முந்திக்கொண்டு போய்விடும்.

அதனால்தான் பல்பு. பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பை பிளஸ் வயரில் தொடராக வையுங்கள். ரிசீவர் இழுப்பது பெரும்பாலும் 150 மில்லி ஆம்பியருக்குள். அதற்குப் பல்பு எரியாது. பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே கழற்றித் தேடுங்கள். முழு ஷார்ட்டிலும் ஒரு ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது.

ஆன்டெனா இருக்கும் இடத்தில் டம்மி லோடு, அதாவது சக்தியைச் சூடாக்கித் தின்னும் ரெசிஸ்டர், மாட்டுங்கள். 200 ஓம், 2 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் நான்கைப் பக்கத்தில் பக்கமாக (பேரலலாக) இணைத்தால் 50 ஓம், 8 வாட். வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஆகாது. அதற்குள் கம்பிச்சுருள் இருக்கிறது, 7 மெகாஹெர்ட்ஸில் அது ரெசிஸ்டராக நடந்துகொள்ளாது. லோடே இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்தால் சக்தி போக இடமில்லாமல் டிரெய்னில் வோல்ட் தாறுமாறாக ஏறும், ஸ்டேஜ் தானாகவே ஆசிலேட் ஆகும், அதாவது தானே சிக்னல் உண்டாக்கத் தொடங்கும்.

பிறகுதான் பயஸ். டிரெய்னுக்குப் போகும் வயரில் மட்டும் அம்மீட்டரைத் தொடராக வைத்து, மைக்கில் சத்தமில்லாமல் பி.டி.டி. (அழுத்திப் பேசும் பட்டன்) அழுத்தி, பிரீசெட்டைத் துளித்துளியாகத் திருப்புங்கள். 100 மில்லி ஆம்பியரில் நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள். சூடேறச் சூடேறக் கரன்ட் கொஞ்சம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் ஹீட் சிங்க் போதவில்லை. மெதுவாக ஏறாமல் திடீரென்று தாவினால் அது ஆசிலேஷன். கேட்டுக்குத் தொடராக 10 ஓம் இருக்கிறதா, மாஸ்ஃபெட்டின் கால்கள் தேவைக்கு மேல் நீளமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இதெல்லாம் சரியான பிறகே பல்பை எடுக்கலாம். ஃபியூஸை எப்போதும் எடுக்க வேண்டாம்.

மோர்ஸுக்கு மட்டும் கட்டும் கிளாஸ்-சி டிரான்ஸ்மிட்டரில் பயஸ் பிரீசெட் இருக்காது. பல்பும் டம்மி லோடும் அதற்கும் உண்டு.

மோட்டார் கடைக் கம்பியைச் சுரண்டாமல் சால்டர் செய்வது

டெல்டாவில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமில்லை. 26 கேஜ் எனாமல் கம்பி அங்கே எடைக்குக் கிடைக்கும், நல்ல கம்பி. ஆனால் அந்த எனாமல் மோட்டார் சூட்டைத் தாங்குவதற்காகப் பூசியது, சால்டரிங் அயர்ன் சூட்டுக்கு உருகாது. மேலே சால்டர் உருண்டு அழகாக நிற்கும், உள்ளே தொடர்பே இருக்காது. பிளேடால் சுற்றிலும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, செப்பு நிறம் தெரிந்தபின் சால்டர் பூசி, மீட்டரில் பீப் பார்த்த பிறகு போர்டில் வையுங்கள்.

லோ பாஸ் ஃபில்டரில் நிறம் மாறுவது

ஃபில்டர் இல்லாவிட்டால் 7 மெகாஹெர்ட்ஸோடு அதன் ஹார்மோனிக் (மடங்கு அலைகள்) ஆன 14-உம் 21-உம் சேர்ந்து வெளியே போகும், மற்றவர்களின் அலைவரிசையைக் கெடுக்கும். 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) நன்கு பழகிய அளவு இது: கெப்பாசிட்டர்கள் 270, 680, 680, 270 பிகோஃபாரட், மஞ்சள் டி37-6 வளையத்தில் 21, 24, 21 சுற்று. சிவப்பு டி37-2 வளையம் பார்க்க அதே அளவுதான். ஆனால் அதே சுற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு அதிக இண்டக்டன்ஸ் தரும், ஃபில்டர் 7 மெகாஹெர்ட்ஸையே நெரிக்கத் தொடங்கும். சிவப்புதான் கையில் இருக்கிறது என்றால் 18, 21, 18 சுற்றுங்கள். கம்பி வளையத்தின் ஓட்டைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று. வெளியே தெரிவதை எண்ணினால் ஒன்று தவறும். கெப்பாசிட்டர் சூட்டில் மதிப்பு மாறாத சி0ஜி வகையாக இருக்க வேண்டும். சாதாரண பழுப்பு டிஸ்க் சூடாகி மதிப்பு நகரும்.

சக்தியை அளப்பது இதற்குப் பிறகுதான். டம்மி லோடில் 1என்4148 டையோடும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டு டி.சி. வோல்ட்டைப் பாருங்கள். அதோடு 0.6 கூட்டி, வந்ததை அதாலேயே பெருக்கி, 100-ஆல் வகுத்தால் வாட். 21.8 வோல்ட் காட்டினால் 5 வாட். ஃபில்டருக்கு முன்னால் அளந்து எட்டு வாட் வருகிறது என்று மகிழ்பவர்கள் அந்த ஹார்மோனிக்கையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

வாட்டைத் துரத்துவது

5 வாட்டை 10 ஆக்கினால் எதிர்முனையில் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் அரை எஸ்தான் ஏறும். அந்த உழைப்பை ஆன்டெனாவில் போடுங்கள். 7.05 மெகாஹெர்ட்ஸ் டைப்போலுக்கு (நடுவில் ரேடியோ இணையும் இருபக்க வயர் ஆன்டெனா) மொத்தம் 20.2 மீட்டர், பக்கத்துக்கு 10.1. வீட்டு வயரிங்குக்கு வரும் 1 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. வயரானால், உறையின் காரணமாக இன்னும் இரண்டு மூன்று சதவீதம் குறையும். முதலிலேயே குறைத்து வெட்டாதீர்கள். 10.5 மீட்டராக வெட்டி, நுனியை மடக்கி மடக்கி எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பாருங்கள். ஏழெட்டு மீட்டர் உயரமே பகலில் முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்குப் போதும்.

தென்னைக்குத் தென்னை கட்டுகிறீர்கள் என்றால் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு இறுக்கக் கூடாது. காற்றில் இரண்டு மரமும் ஒரே பக்கம் ஆடாது, வயர் அறுந்துவிடும். ஒரு முனையில் கப்பி, கப்பியில் நைலான் கயிறு, கயிற்று நுனியில் மணல் நிரப்பிய பாட்டில். மரம் ஆட ஆட பாட்டில் ஏறி இறங்கும். நனைந்த மட்டை வயர் நுனியைத் தொட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறும், ஒரு கை தள்ளியே நிறுத்துங்கள்.

வயல் மின்கம்பிக்கு மேலே ஆன்டெனா

உயிர் போகும். அறுந்து விழுந்தால் எட்டும் தூரத்திலும் கட்டக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் கோஆக்ஸை மாட்டியே வைத்திருப்பது

மின்னல் காலம் அது. ஆன்டெனாவிலிருந்து வரும் அந்த கேபிளைப் பேசி முடித்ததும் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள்.

மின்சார வீட்டில் உட்கார்ந்து "பேண்டு செத்துவிட்டது" என்பது

இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் மூன்றும் 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கொட்டும். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ரிசீவரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடியுங்கள்.

கடலோரத்தில் கனெக்டரைத் திறந்து விடுவது

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் வெளியில் இருக்கும் கனெக்டரும் செப்பு இணைப்பும் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைப் பாதி அகலத்துக்கு இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மழைநீர் மடிப்புக்குள் இறங்காமல் வழிந்து போகும். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.