அமெரிக்கக் குடியேற்றக் கால வரலாறு: ஆய்வுக்குப் புத்தகம் எடுப்பது எப்படி

அட்டையை விடுங்கள், நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே குறிப்புகளில் உயில், நீதிமன்றப் பதிவு, நிலப் பத்திரம், கடிதம் என்று மூல ஆவணங்கள் வருகின்றனவா, இல்லை பிறர் எழுதிய புத்தகங்களே திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பழசு என்பதற்காக ஒதுக்காதீர்கள். வர்ஜீனியாவின் அடிமை முறையைப் பற்றி வரலாற்றாசிரியர் எட்மண்ட் மார்கன் 1975-இல் எழுதியதை இன்றும் தாண்டிப் போக முடியாது. 1607-இல் ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் குடியேறிய ஜேம்ஸ்டவுனில்தான் எல்லாம் தொடங்கியது என்கிற புத்தகமா? சந்தேகப்படுங்கள், 1565-லேயே ஸ்பானியர்கள் புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்ற ஊரை நிறுவிவிட்டார்கள், பூர்வகுடிகளோ அதற்கும் வெகுகாலம் முன்பே அங்கே இருந்தவர்கள். அப்புறம், வாங்கும் முன் 'வில்லியம் அண்ட் மேரி குவார்ட்டர்லி' என்ற வரலாற்று ஆய்விதழில் மதிப்புரை வந்திருக்கிறதா என்று தேடுங்கள், திட்டியிருந்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள்.