ஸ்விஃப்ட் டிக்கியில் நான்கு ட்ராக் டயர்: ஏற்றுவது, கட்டுவது, இறக்குவது

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே, அதாவது நம் சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டும் நாள், என்றால் எனக்கு முந்தைய நாள் மாலையே வேலை தொடங்கிவிடும். ஒரு செட் டயரை ரிம்மோடு காரில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே மாட்டி, ஓட்டி, கழற்றி, மறுபடி ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். ட்ரெய்லரோ மினி லாரியோ இல்லாமல், தினமும் ஆபீஸுக்குப் போகும் அதே சின்னக் காரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்னுடையது மாருதி ஸ்விஃப்ட். டிக்கி 268 லிட்டர். அதில் முடிந்தால் போலோ, ஐ20 எல்லாவற்றிலும் முடியும்.

ட்ராக் டயரை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போனால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். போகலாம்தான். ஆனால் ட்ராக்குக்கென்று வரும் செமி-ஸ்லிக் டயரின் ரப்பர் மென்மையானது, சாலையில் வீணாகத் தேயும். பள்ளங்கள் குறைவு என்பதால் மழைத் தண்ணீரை வெளியே தள்ளாது. திரும்பும்போது பூந்தமல்லியில் ஒரு மழை பிடித்துக்கொண்டால் பிரேக்கை நம்ப முடியாது.

ஏற்றும் முறையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை நான் பின் சீட்டை மடித்துவிட்டு நான்கு சக்கரங்களையும் ஒன்றை ஒட்டி ஒன்றாக, உருளும் திசை முன்பக்கம் பார்த்தபடி நிறுத்தி வைத்தேன். அழகாக உட்கார்ந்தன, கட்டவில்லை. நசரத்பேட்டை அருகே ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றத் திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். வேகம் 40கூட இருக்காது. ஒரு சக்கரம் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே உருண்டு வந்து என் இடது முழங்கையில் இடித்து, கியர் லீவரின் மேல் சாய்ந்து நின்றது. கியர் மாற்ற முடியாமல், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, நடுரோட்டில் நின்றேன்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டாத சக்கரம் அதே வேகத்தில் முன்னால் வரும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. ஆகவே ‘உள்ளே அடங்குகிறதா’ என்று மட்டும் பார்க்காதீர்கள். ‘பிரேக் அடித்தால் எங்கே போகும்’ என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் கேளுங்கள்.

அளவு பார்ப்பது

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களே போதும். என்னுடைய ட்ராக் டயர் 195/55 ஆர்15. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது ஏறத்தாழ 107. மேலும் கீழும் சேர்த்தால் 214. ரிம் 15 அங்குலம் என்றால் 381 மில்லிமீட்டர். மொத்த விட்டம் சுமார் 595, கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர். உங்கள் டயருக்கும் இப்படியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு பழைய அட்டைப்பெட்டியை அந்த விட்டத்துக்கு வட்டமாக வெட்டி, காருக்குள் வைத்துப் பாருங்கள். கதவு வழியாக நுழைகிறதா, டிக்கி மூடுகிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கனமான சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சோதனை செய்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

எடைக்கு, சக்கரத்தோடு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். என்னுடையது ஒவ்வொன்றும் 16 கிலோ, நான்கும் சேர்ந்து 64. ஒரு ஆளின் எடைதான், கார் தாராளமாகத் தாங்கும். ஆனால் கூரையில் கேரியர் போட்டு ஏற்றும் யோசனை வேண்டாம். சின்னக் கார்களின் கூரைக்கு அனுமதித்த எடை குறைவு. மேலே எடை ஏறினால் வளைவுகளில் கார் அதிகமாகச் சாயும்.

எங்கே எதை வைப்பது

பல முறை மாற்றி மாற்றிப் பார்த்து நான் நிலைத்த ஏற்பாடு இது: டிக்கியில் இரண்டு, முன் சீட்டுகளுக்குப் பின்னால் ஆள் கால் வைக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பின் சீட்டை மடிப்பதே இல்லை. நிமிர்ந்து நிற்கும் சீட்டின் முதுகு டிக்கிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. அதை மடித்தால் இடம் கிடைக்கும், தடுப்பு போய்விடும்.

டிக்கியில் ஏற்றும் முன்பு ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கும் ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் வெளியே எடுத்துவிடுங்கள். வழியில் பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் இறக்கித் தோண்ட முடியாது. பிறகு ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்து, அதன் நுனி பம்பர் மேல் தொங்கும்படி விடுங்கள். பெயிண்ட்டில் கீறல் விழாது. முதல் சக்கரத்தைப் படுக்கையாக, பின் சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். மேலே ஒரு அட்டை, அதன் மேல் இரண்டாவது. அட்டை இல்லாவிட்டால் அலாய் ரிம்கள் ஒன்றையொன்று உரசித் தழும்பாகும். இரண்டும் சேர்ந்து 40 சென்டிமீட்டர் உயரம். இரு பக்கமும் மிஞ்சும் இடைவெளியில் பழைய தலையணை, ஜாக்கெட், எது கிடைத்தாலும் இறுக்கித் திணியுங்கள். கையால் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. டிக்கியில் இரும்புக் கொக்கி இருந்தால் ராட்செட் ஸ்ட்ராப் (லீவரால் இறுக்கும் பட்டை) போட்டு இறுக்குங்கள். பை மாட்டும் பிளாஸ்டிக் கொக்கியில் கட்டுவது வீண், முதல் பிரேக்கிலேயே உடைந்துவிடும்.

மற்ற இரண்டுக்கு, முன் சீட்டை முன்னால் தள்ளி, சக்கரத்தின் முகம் காரின் முன்பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். இப்படி வைத்தால் அது முன்னால் உருள முடியாது. அப்புறம் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் இரண்டு சீட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். பின் சீட் பெல்ட்டை ஸ்போக் இடுக்கில் கோத்துப் பூட்டிவிடுங்கள், ரிம்மின் விளிம்பு பெல்ட்டை அறுக்காமல் நடுவே ஒரு துணி வைத்து. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சக்கரத்துக்காக உங்கள் சீட்டை அளவுக்கு மேல் முன்னால் இழுத்து உட்காராதீர்கள். கிளச்சை முழுதாக மிதித்து, கை சற்று மடங்கிய நிலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிய வேண்டும். உயரமானவர்கள் இந்தச் சக்கரத்தை மட்டும் நண்பரின் காரில் அனுப்புவது நல்லது.

முன் சீட்டின் மேல் வைக்கலாமே என்பார்கள். அங்கே ஏர்பேக் இருக்கிறது, பெல்ட் போடாவிட்டால் கார் கத்திக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த இடமே பிடிக்காது.

பின் சீட்டில் ட்ராலி ஜாக் (உருளை வைத்த பெரிய ஜாக்கி), டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), 12 வோல்ட் காற்று பம்ப். இவற்றையும் ஒரு சாக்கில் போட்டு பெல்ட் போடுங்கள், ஜாக் சக்கரத்தைவிட ஆபத்தானது. ஹெல்மெட் இடது முன் சீட்டின் கீழ்த்தரையில். மொத்தம் 16 நட்டு, ஒரு டப்பாவில் எண்ணிப் போடுங்கள். வெளியில் வாங்கிய அலாய்க்கு நட்டின் அடிப்பகுதி கம்பெனி ரிம்முக்கு உள்ளதுபோல இல்லாமல் இருக்கலாம். எது எதற்கு என்று டப்பாவிலேயே எழுதிவிடுங்கள்.

கிளம்பும் முன்பு, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழு பாரத்துக்குச் சொன்ன காற்றைப் பின் சக்கரங்களில் நிரப்புங்கள். பிறகு தெருவிலேயே ஒருமுறை 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தால் எங்கேயோ இடைவெளி இருக்கிறது. இறங்கிச் சரி செய்யுங்கள்.

திரும்பும்போது

புதியவர்கள் தவறுவது இங்கேதான். மாலை ஆகிவிட்டது, உடம்பு ஓய்ந்துவிட்டது, எப்படியாவது திணித்துவிட்டுக் கிளம்பத் தோன்றும். ஆனால் காலையில் போட்ட அதே கவனம் இப்போதும் வேண்டும். கடைசி ஓட்டம் முடிந்து வந்த டயரைத் தொட்டால் கை சுடும். 3.7 கிலோமீட்டர் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடி வந்திருக்கிறது, மேல் ரப்பர் பசை மாதிரி இருக்கும். உடனே ஏற்றினால் சீட் துணியில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும், அந்தக் கறை போகவே போகாது. நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அதற்குள் சாலை டயர்களை மாட்டிவிடலாம்.

ஆறியதும் டயரில் ஒட்டியிருக்கும் ரப்பர்த் துணுக்குகளையும் பொடிக்கற்களையும் பெயிண்ட் சுரண்டும் பட்டையால் சுரண்டுங்கள். ரிம்மின் உள்பக்கம் பிரேக் பேட் தூள் மை போலப் படிந்திருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் ஒவ்வொரு டயர் மேலும் சாக்பீஸால் ‘முன் இடது’, ‘பின் வலது’ என்று எழுதுங்கள். எந்த டயர் எங்கே எப்படித் தேய்ந்தது என்று பார்த்து அடுத்த முறை இடம் மாற்ற இது உதவும். பெரிய குப்பைப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டு, காலையில் வைத்த அதே இடத்தில் வைத்து, கட்டுங்கள்.

சாலைச் சக்கரத்தின் நட்டுகளை கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கியிருப்பீர்கள். மறுநாள் காலை, கார் குளிர்ந்திருக்கும்போது 16 நட்டையும் இன்னொரு முறை சரிபாருங்கள். எனக்கு இரண்டு முறை ஒரு நட்டு கால் சுற்று தளர்ந்து இருந்திருக்கிறது.