வீட்டுப் பின்னாடி பாசி வளர்த்து பயோடீசலுக்கு எண்ணெய்: எப்படி செய்யறது, எவ்வளவு கெடைக்கும்

முதல்லயே சொல்லிடறேன், இதப் படிச்சிட்டு லோரிக்கு டீசல் ஊத்திடலாம்னு யாரும் கணக்கு போடாதீங்க. நம்ம பேராக் சுங்கை சிப்புட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான், ஒரு ஹெக்டர் செம்பனை வருஷத்துக்கு மூணு நாலு டன் எண்ணெய் கொடுக்குது, பாமாயில்ல செஞ்ச பயோடீசல் 2019-லேர்ந்து பம்ப்ல வர்ற டீசல்லயே பத்து சதவீதம் கலந்துதான் வருது. அப்புறம் எதுக்கு பாசின்னா, அதுக்கு நல்ல மண்ணு வேணாம், வசதி இருந்தா ஒரே நாள்ல ரெண்டு மடங்காகும். அமெரிக்க அரசாங்கம் 1978-லேர்ந்து 1996 வரைக்கும் இதுக்குன்னே ஒரு திட்டம் நடத்தி செலவு கட்டுப்படியாகலன்னு மூடிட்டாங்க, எக்ஸான்மோபில் எண்ணெய் கம்பெனி கூட 2009-ல எறங்கி பல வருஷம் கழிச்சு கைய விட்டுட்டாங்க. வளர்க்கறதுல பிரச்சனை இல்ல, தண்ணியிலேர்ந்து பிரிக்கறதுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. ஸ்கூல் பசங்க ப்ராஜெக்டுக்கோ சும்மா கத்துக்கவோன்னா தாராளமா செய்யலாம்.

குளோரெல்லாங்கற ஒத்தை செல் பச்சைப் பாசி வகையில ஆரம்பிங்க, நல்ல தண்ணியில வளரும், நம்ம வெயில தாங்கும். மீன் குஞ்சுக்குத் தீனியா ஆன்லைன்ல பச்சைத் தண்ணி விக்கறாங்க, அதுவே வெதை. சாக்கடையில இருக்கற பச்சைய அள்ளிட்டு வராதீங்க, அதுல பாசிய தின்னற பூச்சியும் சேர்ந்தே வரும்.

தெளிவான 20 லிட்டர் தண்ணி போத்தல் எடுத்து நல்லா கழுவி பைப் தண்ணி ஊத்தி ஒரு நாள் தெறந்து வைங்க, குளோரின் போகட்டும். அப்புறம் யூரியா 2 கிராம், என்.பி.கே. உரம் 2 கிராம், இதத் தனியா ஒரு டம்ளர்ல கரைச்சு துணியில வடிகட்டி ஊத்துங்க, எஸ்டேட்ல மரத்துக்குப் போடற அதே உரந்தான், ஆனா கை நெறைய அள்ளிப் போட்டா பாசி செத்துப்போகும், சின்னத் தராசுல நிறுத்துப் போடுங்க. வெதைத் தண்ணி ரெண்டு மூணு லிட்டராவது வேணும், கொஞ்சமா ஊத்தினா வேற ஏதாவது முந்திக்கும்.

மீன் தொட்டி ஏர் பம்ப் ராத்திரி பகலா ஓடணும், நிறுத்தினா அடியில படிஞ்சு நாத்தம் அடிக்கும். காலை வெயில் படற எடம் போதும், மத்தியான வெயில்ல போத்தல் 35 டிகிரிக்கு மேல போனா வேலை கெட்டுடும், அதனால தகரக் கூரைக்கு அடியில ஓரமா வைங்க. வாய்ல வலைத்துணி இறுக்கிக் கட்டணும், இத விளையாட்டா எடுத்துக்காதீங்க, ஏடிஸ் கொசு முட்டை போட்டிருக்கறத சுகாதார இலாகா ஆளுங்க பாத்தா ஃபைன் போட்டுட்டுப் போயிடுவாங்க, டெங்கி வந்தா அது வேற கதை.

இன்னும் வேகமா வளரணும்னா கரியமில வாயு குடுக்கணும், ஒரு கிலோ காஞ்ச பாசி உருவாக ஏறக்குறைய 1.8 கிலோ வாயு வேணும். கள்ளு புளிக்கும்போது நுரைச்சு வருதே அதே வாயுதான், இன்னொரு போத்தல்ல சீனித்தண்ணியும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போட்டு மூடியில ஓட்டை போட்டு டியூப்ப பாசித் தண்ணிக்குள்ள விட்டா போதும். தண்ணியோட புளிப்பு, காரம் காட்டற பிஎச் காகிதத்துல அப்பப்ப பாருங்க, 7-லேர்ந்து 9-க்குள்ள இருக்கட்டும்.

எண்ணெய் எப்ப வரும்னா பட்டினி போட்டாத்தான். நல்லா வளர்ற பாசி புரதமாத்தான் சேர்க்கும், உரத்துல இருக்கற நைட்ரஜன் தீர்ந்துபோனாத்தான் வெயில்ல கெடைக்கறத கொழுப்பா மாத்தி வைக்கும். அதனால தண்ணி கரும்பச்சையாகி, வெள்ளை ஸ்பூன உள்ள விட்டா விரல் நீளத்துலயே மறையற அளவுக்கு வந்ததும் உரத்த நிறுத்திடுங்க. ஒரு வாரத்துல கரும்பச்சை மங்கி மஞ்சள் கலந்த பச்சையா மாறும், அதான் அடையாளம். ஆனா பட்டினியில வளர்ச்சியும் நின்னுடும், அதனால சதவீதம் ஏறினாலும் மொத்த எண்ணெய் அப்படியே ரெண்டு மடங்காகாது, யூடியூப்ல 60 சதவீதம் எண்ணெய்னு சொல்றவங்க இத மட்டும் சொல்ல மாட்டாங்க. திடீர்னு ஒரே ராத்திரில தண்ணி தெளிஞ்சு பழுப்பாச்சுன்னா பூச்சி தின்னுடுச்சுன்னு அர்த்தம், கொட்டிட்டு போத்தல குளோராக்ஸ் போட்டு கழுவுங்க. வெதைக்குன்னு தனியா ஒரு போத்தல் வேற ரூம்ல எப்பவும் இருக்கணும்.

இனிமேத்தான் கஷ்டம். ஒரு செல் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரான்), வேட்டித் துணியில வடிகட்டினா பச்சையெல்லாம் துணி வழியாவே ஓடிடும். மளிகைக் கடையில படிகாரம் வாங்கி, 20 லிட்டருக்கு 4, 5 கிராம் கரைச்சு ஊத்தி மெதுவா கிண்டி விட்டுடுங்க, முதல்ல ஒரு கிளாஸ்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க. திரிஞ்ச பால் மாதிரி திட்டு திட்டா சேர்ந்து அடியில எறங்கும், மேல் தண்ணிய டியூப் வச்சு எடுத்துட்டு அடிச்சேற துணியில வடிகட்டி தட்டுல மெல்லிசா பரப்பிக் காய வைங்க, சாயங்கால மழைக்கு முன்னாடி உள்ள எடுத்துடணும். படிகாரம் கலந்தத கோழிக்கோ மீனுக்கோ போடாதீங்க.

கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு அரை கிராம் காஞ்ச பாசி கெடைச்சா நல்ல விளைச்சல். பத்து போத்தல், 200 லிட்டர், 100 கிராம் பொடி, அதுல கால்வாசி எண்ணெய்னு வச்சாலும் 25 கிராம், பெரிய கோடாலித் தைலக் குப்பி கூட நெறையாது. பம்ப் கரண்ட் பில்ல இதுல சேர்க்கவே இல்ல.

அந்தப் பொடியிலேர்ந்து எண்ணெய் எடுக்கறத வீட்டுல செய்யாதீங்க. குளோரெல்லாவோட தோல் கெட்டி, செக்குல ஆட்டினா வராது, ஹெக்ஸேன் மாதிரி கரைப்பான் வேணும், அதோட ஆவி தரையோட தவழ்ந்து போய் அடுப்பு நெருப்புல பத்திக்கும். எண்ணெய பயோடீசலா மாத்தற அடுத்த கட்டத்துக்கு மெத்தனால் வேணும், அது கண்ண பறிச்சிடும். பொடிய நல்லா உலர்த்தி டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வச்சிருந்து, கெமிஸ்ட்ரி டீச்சர் இருக்கற லேப்புக்கு எடுத்துட்டுப் போங்க. எண்ணெயோட மெத்தனாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து 60 டிகிரில கலக்கினா மேல பயோடீசல், அடியில கிளிசரின்னு ரெண்டா பிரியும். ஈரம் இருந்தா சோப்பாத்தான் வரும், பாசி எண்ணெய்ல சோப்பாகற தனிக் கொழுப்பு அமிலமும் அதிகம், அதனால முதல்ல ஆசிட் வச்சு ஒரு சுத்து சரிபண்ணச் சொல்லுங்க.